ஐரோப்பாவில் படித்துக்கொண்டே ஊர் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் படிக்கச் சேர்ந்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் வகுப்பும் சமையலும் ஓரளவு பிடிபட்டதும் வருகிற கேள்விகள் இவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அங்கே படித்த காலத்தில் நானே பார்த்துத் தெரிந்துகொண்டதும், பிறகு வந்தவர்கள் கேட்டுக் கேட்டுச் சேர்ந்ததும் கலந்திருக்கும். விலைகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் படிக்க விசா வாங்கியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு பிரான்ஸ், இத்தாலி எல்லாம் போகலாமா?

போகலாம். தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள்தான் ஷெங்கன் பகுதி. அதில் இப்போது 29 நாடுகள். அவற்றில் ஒன்று கொடுத்த நீண்டகால விசாவோ வசிப்பிட அனுமதிக் கார்டோ செல்லுபடியாக இருந்தால், மற்ற நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் அந்த மற்ற நாடுகளில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். படிக்கிற நாட்டில் இருக்கும் நாள்கள் இந்தக் கணக்கில் வராது. வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறவர் 90 நாளைத் தொடுவது கடினம்.

குழப்பம் வருவது ஒன்றியம் வேறு, ஷெங்கன் வேறு என்பதால். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. ஆகவே லண்டனுக்கும் டப்ளினுக்கும் தனித்தனியாக விசா பார்க்க வேண்டும். ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் நில எல்லைகளோடு சேர்த்து முழுமையாக உள்ளே வந்துவிட்டன. பழைய குறிப்புகளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கையில் இருப்பது ஒருமுறை மட்டும் நுழையும் விசா, கார்டு இன்னும் வரவில்லை என்றால் ஷெங்கனுக்கு வெளியே காலை வைக்காதீர்கள். திரும்ப உள்ளே வர முடியாது.

நாடு விட்டு நாடு போகும்போது சோதனை இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஆனால் ‘இருக்கவே இருக்காது’ என்று எண்ணிக் கிளம்பக் கூடாது. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை வைத்தது. வேறு சில நாடுகளும் அவ்வப்போது இப்படிச் செய்கின்றன. இரவு பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, டார்ச் அடித்து, ஒவ்வொருவர் கையில் இருப்பதையும் பார்ப்பார்கள். பாஸ்போர்ட், கார்டு இரண்டும் அசலாக வேண்டும். போனில் இருக்கும் படம் அங்கே உதவாது.

ஷெங்கனின் வெளி எல்லைகளில் 2025 அக்டோபரில் தொடங்கிய கைரேகை, முகப் பதிவு முறை குறுகிய காலம் வந்து போகிறவர்களுக்கானது. வசிப்பிடக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது.

கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். இடைக்காலத் தாள்தான் இருக்கிறது. போகலாமா?

அந்தத் தாள் எந்த நாட்டில், எந்தப் பிரிவில் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. நண்பர் ஒருவர் போய்வந்தார் என்பது ஆதாரம் ஆகாது. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வரவில்லையா, உள்நாட்டிலேயே ஒரு ஊரைப் பாருங்கள்.

ரயிலா, பஸ்ஸா, விமானமா?

சின்னதாகச் சொன்னால், ஐந்து ஆறு மணி நேரத் தூரம் என்றால் ரயில், காசு ரொம்ப இடித்தால் பஸ், கண்டத்தின் மறுமுனை என்றால் விமானம்.

விமான டிக்கெட் 20 யூரோ என்று கண்ணில் பட்டதும் விழுந்துவிடாதீர்கள். மலிவு விமானங்கள் இறங்கும் இடத்துக்கும் ஊருக்கும் சில சமயம் சம்பந்தமே இருக்காது. பாரிஸின் பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் என்பது ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து ஊருக்குள் வர ஆகும் பஸ் காசு, சீட்டுக்கு அடியில் நுழையாத பைக்குக் கேட்கும் காசு, விடிகாலை விமானத்துக்காகத் தொலைத்த தூக்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ரயில் அவ்வளவு விலை அதிகமாகத் தெரியாது. ரயில் ஊரின் நடுவில் இறக்கிவிடும். இறங்கியதும் நடக்க ஆரம்பிக்கலாம்.

ரயிலில் இரண்டு மாதம் முன்பு எடுக்கும் டிக்கெட்டுக்கும் முந்தின நாள் எடுப்பதற்கும் மூன்று, நான்கு மடங்கு வித்தியாசம் வரும். ஜெர்மனியில் படிப்பவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026-இல் 63 ஆகிவிட்டது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்குச் செமஸ்டர் கட்டணத்தோடு குறைந்த விலையில் வந்துவிடும். அதிவேக ரயில்களில் செல்லாது, உள்ளூர், வட்டார ரயில்களில் நாடு முழுக்கச் செல்லும். அதைவிட முக்கியம், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும். மியூனிக்கில் இருப்பவர் காலையில் கிளம்பி, மொசார்ட் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, ரயிலுக்கு ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்காமல் இரவு திரும்பலாம்.

இரவு ரயிலையும் மறக்காதீர்கள். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் வியன்னாவிலிருந்து ரோம், வெனிஸ் போன்ற ஊர்களுக்குப் போகிறது. படுக்கை கிடைத்தால் ஒரு இரவுத் தங்கும் செலவு மிச்சம். வெறும் உட்காரும் சீட்டு எடுத்தால் மறுநாள் பாதி வீணாகும். அதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரவு பஸ் மலிவுதான். எங்கே, எத்தனை மணிக்கு இறக்கிவிடுவார்கள் என்று பாருங்கள். குளிர்காலத்தில் அதிகாலை நாலரை மணிக்கு, எதுவும் திறந்திருக்காத ஊரின் ஓரத்தில் இறங்குவது தனி அனுபவம்.

இன்டர்ரெயில் பாஸ் எங்களுக்குக் கிடையாதாமே?

ஒரே பாஸில் பல நாட்டு ரயில்களில் ஏறலாம் என்பதுதான் இன்டர்ரெயில். அது உங்களுக்கும் கிடைக்கும். கிடைக்காது என்பது பரவலான தவறான எண்ணம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். குடியுரிமை அல்ல, வசிப்பிடம்தான் கணக்கு. வசிப்பிடக் கார்டு உள்ள மாணவர் இன்டர்ரெயில் வாங்கலாம், 27 வயது வரை இளைஞர் விலையும் உண்டு. வசிக்கிற நாட்டுக்குள் மட்டும் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் என்று வரம்பு.

வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். பிரான்ஸின் அதிவேக ரயில்கள், யூரோஸ்டார், பெரும்பாலான இரவு ரயில்கள் ஆகியவற்றில் பாஸ் இருந்தாலும் இருக்கைப் பதிவுக்குத் தனிக் காசு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு மூன்று ஊர்களை முன்கூட்டியே திட்டமிட்டுப் போகிறவருக்கு பாஸ் நஷ்டம். செமஸ்டர் விடுமுறையில் தோன்றிய இடத்துக்குப் போகிறேன் என்பவருக்கு அதுதான் சரி.

ஒரு வார இறுதியில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

ஒன்று.

இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. நான்கு நாளில் பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் என்று திட்டத்தோடு வருவார்கள். பத்து நாள் லீவு போட்டு, ஒரே முறை கண்டத்தைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிக்கு அப்படி ஓட ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் அங்கே குடியிருப்பவர். விட்டுப்போனதை அடுத்த மாதம் பார்க்கலாம். மாணவருக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான், சலுகை டிக்கெட் எல்லாம் அப்புறம்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து கிளம்பி ராத்திரி போய்ச் சேருங்கள். சனிக்கிழமை முழுதும் நடங்கள். ஞாயிறு காலை, முந்தின நாள் பிடித்துப்போன ஒரு இடத்துக்கே திரும்பப் போங்கள். இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் அந்த ஊர் ஆட்கள் கண்ணில் படுவார்கள். நாய்களைக் கூட்டிக்கொண்டு ரொட்டி வாங்க வருகிறவர்கள், சர்ச் முடிந்து வருகிற கிழவிகள், ராத்திரி ஆட்டம் முடிந்து வீடு திரும்புகிற இளசுகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தெருவில் இருக்கும் வேளை அது.

எந்த ஊரிலிருந்து ஆரம்பிக்கலாம்?

உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இருக்கும் பக்கத்து நாட்டு ஊர் எதுவோ அதிலிருந்து. பெயர் தெரிந்த ஊராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஸ்ட்ராஸ்பூரில் படிப்பவர் டிராம் ஏறி ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் என்ற ஊரில் இறங்கலாம். கோர்லிட்ஸில் ஒரு நடைபாலம் தாண்டினால் போலந்து. லக்சம்பர்க் நாட்டில் 2020 முதல் இரண்டாம் வகுப்பு ரயில், பஸ், டிராம் எல்லாம் இலவசம். 1985-இல் ஒப்பந்தம் கையெழுத்தான ஷெங்கன் என்கிற சின்னஞ்சிறு கிராமத்துக்கே, மோசெல் நதிக்கரைக்கு, பைசா செலவில்லாமல் போய்வரலாம். பார்க்க அதிகம் இல்லை. திராட்சைத் தோட்டமும் ஆறும்தான். ‘ஷெங்கன்’ என்று எழுதிய ஊர்ப் பெயர்ப்பலகை முன் நின்று படம் எடுக்கிற ஆசை இருந்தால் போங்கள்.

பெரிய பயணம் என்றால் என் தேர்வு வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் வரிசை. வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ரயிலில் ஒரு மணி நேரம்தான், புடாபெஸ்ட் மூன்று மணி நேரத்துக்குள். வியன்னா விலை அதிகமான ஊர் என்று சொல்வார்கள். அதே ஊரின் அரசு ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட் 20 யூரோவுக்குள் கிடைக்கிறது. வந்ததும் முன்னால் உள்ள கம்பியில் ஸ்கார்ஃபைக் கட்டி இடம் பிடித்துவிட்டுக் காபி குடிக்கப் போவது அங்கே பழைய வழக்கம், யாரும் அவிழ்த்ததில்லை. புடாபெஸ்டில் 1896-இல் ஓட ஆரம்பித்த முதல் மெட்ரோ வரிசை இன்னும் ஓடுகிறது, சின்னச் சின்ன மஞ்சள் பெட்டிகள். அதில் ஏறி செச்செனி வெந்நீர்க் குளத்துக்குப் போகலாம். வெளியே பனி விழ, கழுத்தளவு வெந்நீரில் நின்றபடி தாத்தாக்கள் செஸ் ஆடுவார்கள்.

பெர்லின் வேறு வகை, அழகான ஊர் என்று சொல்ல முடியாது. நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூரை மாடத்துக்கு நுழைவு இலவசம், ஆனால் முன்கூட்டி இணையத்தில் பெயர் பதிய வேண்டும். பெர்லின் சுவரில் மிஞ்சிய 1.3 கிலோமீட்டர் நீள ஓவியப் பகுதியைப் பார்க்கக் காசில்லை. சுற்றுலா பஸ்ஸுக்குப் பதிலாக 100-ஆம் எண் நகரப் பேருந்தில் மாடியில் உட்காருங்கள், முக்கியமான கட்டடங்கள் பலவும் அந்த வழியில்தான்.

போலந்தின் கிராகோவ் போகிறவர்கள், நாஜிகளின் வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸுக்கும் போக நினைப்பார்கள். சுமார் 70 கிலோமீட்டர். நுழைவுக்குக் கட்டணம் இல்லை, வழிகாட்டிக்கு உண்டு. முன்பதிவும் அடையாள அட்டையும் கட்டாயம். அன்றைக்கு வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

பாரிஸ், வெனிஸ் எல்லாம் மாணவருக்குக் கட்டுப்படியாகுமா? மியூசியங்களில் சலுகை உண்டா?

இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாரிஸ் கட்டுப்படியாவதே மியூசியங்களால்தான். பிரான்ஸின் தேசிய மியூசியங்களில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனும்) வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிரந்தரக் காட்சிகள் இலவசம். இங்கேயும் வசிப்பிடம்தான் கணக்கு, பாஸ்போர்ட்டின் நிறம் அல்ல. லூவ்ர் உட்பட. 26 ஆகப் போகிறதா, பிறந்தநாளுக்கு முன் போய்விடுங்கள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே மியூசியம் திங்கட்கிழமை.

இத்தாலியில் விதி வேறு. அரசு மியூசியங்களில் 18 முதல் 25 வயது வரையிலான 2 யூரோ டிக்கெட் ஒன்றியத்தின் குடிமக்களுக்கானது. மாணவர் அட்டையைக் காட்டி வாதாடிப் பயனில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், கூட்டத்துக்குத் தயாராக இருங்கள். மாட்ரிட்டின் பிராடோ மியூசியத்தில் 18 முதல் 25 வரையுள்ள மாணவர்களுக்கு இலவசம். ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் வீட்டுக்குச் சலுகையை விட டிக்கெட் கிடைப்பதே பெரிய விஷயம். ஆறு வாரத்துக்கு முன் ஒவ்வொரு செவ்வாயும் இணையத்தில் விடுவார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வெனிஸில் வசந்த, கோடை காலத்தின் குறிப்பிட்ட நாள்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், 2024-இல் தொடங்கியது. படகுப் பேருந்தில் ஒரு டிக்கெட்டே 9.50 யூரோ. நடந்தே பார்க்கக்கூடிய ஊர்தான். கோண்டோலாவில் உட்கார்ந்த பேர் வேண்டும் என்றால், பெரிய கால்வாயை அந்தக் கரைக்குக் கடத்திவிடும் திராகெட்டோ படகில் 2 யூரோ கொடுத்து ஏறுங்கள். இரண்டு நிமிடம்தான், ஆனால் அதுவும் கோண்டோலாதான்.

எங்கே தங்குவது?

பயணிகள் ஹாஸ்டல். ஆறு, எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டில். பூட்டு, துண்டு, காதில் வைக்கும் பஞ்சு மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். உலகின் முதல் இளைஞர் விடுதி 1912-இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டைக்குள் வந்தது, பள்ளி ஆசிரியர் ஒருவரின் யோசனை. ஹாஸ்டலைவிட நல்ல வழி, எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் உங்கள் வகுப்புக்கு வந்து போன நண்பர்களின் அறை. பல ஊர்களில் அறை வாடகைக்கு மேல் நகர வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று வேலை இல்லை.

சாப்பாடு? நான் சைவம்.

பெரிய ஊர்களில் பிரச்சினை இல்லை. கொண்டைக்கடலை வடை மாதிரியான ஃபலாஃபல் எங்கும் கிடைக்கும், இத்தாலியில் பீட்சா இருக்கவே இருக்கிறது. புடாபெஸ்ட், பிராக் பக்கம் சூப் என்றால் உள்ளே மாமிச எலும்புச் சாறு இருக்கலாம், கேட்டுவிடுங்கள். மலிவான வழி சூப்பர்மார்க்கெட்: ரொட்டி, சீஸ், தக்காளி, ஒரு பூங்கா பெஞ்சு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் அன்றைக்குக் கை கொடுக்கும். குழாய்த் தண்ணீரைப் பெரும்பாலும் எங்கும் குடிக்கலாம். ரோமில் தெருவுக்குத் தெரு கொட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்த் தண்ணீரும் குடிக்கத்தான்.

எல்லா இடத்திலும் யூரோ செல்லுமா?

இல்லை. செக், ஹங்கேரி, போலந்து, ருமேனியா, சுவீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து எல்லாம் அவரவர் நாணயம். குரோஷியா 2023-இலும் பல்கேரியா 2026-இலும் யூரோவுக்கு வந்தன. கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ‘உங்கள் நாணயத்தில் எடுக்கவா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். செக் நாட்டுப் பணமாற்றுக் கடையில் மோசமான விகிதத்தில் மாட்டிக்கொண்டால், 1000 யூரோ அளவு வரை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது.

திருட்டு பயம்?

அடிதடி குறைவு, ஜேப்படி உண்டு. பார்சிலோனா மெட்ரோ, பாரிஸ் மெட்ரோ, ரோமின் தெர்மினி நிலையம், பிராகின் 22-ஆம் எண் டிராம். பாரிஸில் சாக்ரெ கெர் தேவாலயப் படிக்கட்டு அருகே கையைப் பிடித்துக் கயிறு கட்டுகிறவர்கள் வந்தால் கையைப் பையில் விட்டுக்கொண்டு நடங்கள். மனு நோட்டோடு கையெழுத்துக் கேட்பவரிடமும் நிற்க வேண்டாம்.

இன்னொரு வகை இழப்பு டிக்கெட் சோதகரால் வருவது. பிராகிலும், இத்தாலியின் வட்டார ரயில்களிலும் காகித டிக்கெட்டை இயந்திரத்தில் விட்டு முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். ஜெர்மனியில் அபராதம் 60 யூரோ, ‘நான் மாணவன், தெரியாது’ என்பது அங்கே எடுபடாது.

போன், உடம்பு சரியில்லாமல் போனால்?

2017 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்து அதில் சேராது, பாசெல் ரயில் நிலையத்தில் இறங்கும் முன் டேட்டாவை அணைத்துவிடுங்கள். நீங்கள் படிக்கும் நாட்டின் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் ஐரோப்பிய மருத்துவ அட்டை கிடைக்கும். ஜெர்மனியில் காப்பீட்டு அட்டையின் பின்புறமே அதுதான். டென்மார்க், சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் ஒன்றியக் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு அது பொதுவாகப் பயன்படாது. தனியார் காப்பீட்டில் இருப்பவர்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அவசர எண் எங்கும் 112.

நான்கைந்து ஊர் பார்த்ததும் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதே?

தெரியும். ஒரு பழைய சதுக்கம், ஒரு பேராலயம், ஒரு ஆறு, குறுக்கே ஒரு பாலம். எல்லாருக்கும் வருகிற சலிப்பு இது, ஊரின் குற்றம் அல்ல. ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் தொடர்ந்து போனால் இந்தச் சலிப்பு குறையும். சிவில் எஞ்சினியரிங் படிப்பவர் பாலங்களைப் பார்க்கலாம்: பிராகில் 1357-இல் தொடங்கிய சார்லஸ் கல்பாலம், புடாபெஸ்டில் 1849-இல் திறந்த சங்கிலிப் பாலம், போர்ட்டோவில் 1886-இன் இரட்டைத்தட்டு இரும்புப் பாலம். கல்லிலிருந்து இரும்புக்கு வந்த கதை காலடியிலேயே இருக்கும். புத்தகப் பிரியருக்கு வியன்னா, பிராக், சாங்க்ட் காலன் நூலக மண்டபங்கள். எதுவும் தோன்றவில்லையென்றால் கல்லறைத் தோட்டங்கள். வியன்னாவின் மத்திய கல்லறையில் பீத்தோவனும் ஷூபர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், கூட்டமே இருக்காது.

குளிர்காலத்தில் போவது வீணா?

டிசம்பரில் பெர்லினில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே பார்க்க வேண்டியதைக் காலையில் முடித்துவிட்டு மதியம் மியூசியத்துக்குள் போய்விடுங்கள். ஸ்ட்ராஸ்பூர், டிரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தைகள் நன்றாக இருக்கும், அந்த வாரங்களில் அறை விலை மட்டும் எகிறும். ஜனவரி, பிப்ரவரியில் அதே ஊர்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். வெயில் வேண்டுமென்றால் லிஸ்பன், செவியா பக்கம் போங்கள்.

ரயில் தாமதமானால் பணம் திரும்பக் கிடைக்குமா?

சேருமிடத்துக்கு 60 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு மேல் 50 சதவீதம். கடும் புயல் மாதிரியான காரணம் என்றால் 2023 முதல் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும், 4 யூரோவுக்குக் குறைந்த தொகையைப் பொதுவாகத் தர மாட்டார்கள். விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, அது நிறுவனத்தின் பொறுப்பாகவும் இருந்தால், 1500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோ. நீங்கள் 20 யூரோ டிக்கெட்டில் போயிருந்தாலும் இதே தொகைதான். இணையத்தில் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பலாம். ‘நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்று வரும் இடைத்தரகர்கள் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள்.